பர்ஸீம் வந்த வழி

மார்கழி பிறந்து, டில்லியிலும் பஞ்சாபிலும் பனிமூட்டம் தரையோடு படிந்து நிற்கும் காலை வேளைகளில், நம்மில் பலர் ஒரு காட்சியைக் கண்டிருப்போம். சைக்கிளின் பின்புறத்திலும், மாட்டு வண்டியிலும், பெண்களின் தலைச்சுமையாகவும் பச்சைத் தழைக்கட்டுகள் ஊருக்குள் வந்துகொண்டிருக்கும். மூன்று மூன்று இலைகளாக, ஏறக்குறைய வெந்தயக் கீரையைப் போன்ற தோற்றம். தெற்கிலிருந்து புதிதாக வந்து குடியேறியவர் அதைக் கீரையென்று எண்ணி விலை கேட்டாலும் வியப்பதற்கில்லை. அது கீரை அன்று, மாட்டுத் தீவனம். பர்ஸீம் என்பது அதன் பெயர். பெயர் அரபு மொழியைச் சேர்ந்தது; பயிர் எகிப்து நாட்டைச் சேர்ந்தது. நீடித்த குளிர்காலம் இல்லாத நம் தமிழ்நாட்டில் அது செழிப்பதில்லை. ஆகையால் தமிழில் அதற்கொரு பெயர் வைக்க வேண்டிய தேவை நம் முன்னோர்க்கு நேரவில்லை.

நாம் இங்கே சொல்லப் புகுவது இந்தப் பயிர் வந்த வரலாறு. ஆயினும் அதனுள்ளே பழைய வழக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. உள்ள நிலம் கொஞ்சம். பாய்ச்சும் நீரும் கொஞ்சம். அதில் மனிதர் உண்ணும் தானியத்தை விளைவிப்பதா, மாடு தின்னும் தழையை விளைவிப்பதா என்பதே அவ்வழக்கு. மாட்டின் பசி மட்டும் அதைத் தீர்த்துவைத்ததாக வரலாறு காட்டவில்லை. அந்த மாட்டுக்காக யார் பணம் கொடுக்க முன்வந்தார் என்பதே ஒவ்வொரு காலத்திலும் தீர்ப்பாக இருந்து வந்திருக்கிறது.

முதலில் நமக்குப் பழக்கமான முறையை நினைவுகூர்வோம். நெல் விளைந்தால் மணி வீட்டுக்கு, வைக்கோல் மாட்டுக்கு. சோளம் விளைந்தால் கதிர் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. கடலை விளைந்தால் கொடியும், எண்ணெய் ஆடினால் புண்ணாக்கும் தொழுவத்துக்கு. ஒரே பயிர் இரண்டு வாய்களை நிரப்பியது; மாட்டுக்கென்று தனி நிலம் வேண்டியிருக்கவில்லை. வட இந்தியக் குடியானவனும் இதையே செய்தான். கோதுமை அவனுக்கு, தாளை மிதித்து நொறுக்கிய பூஸா அவன் எருதுக்கு. சர்க்கார் அறிக்கைகளை மொழிபெயர்க்கும் தொழிலில் இருக்கும் நாம் இவை எல்லாவற்றையும் 'உலர் தீவனம்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். வைக்கோற்போரின் மணமும் கடலைக்கொடியின் சுவையும் அச்சொல்லில் தங்குவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு விலக்கும் உண்டு. கொங்கு நாட்டில் காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கொறங்காடு என்று வழங்கும் நிலங்களைக் கண்டவர் அறிவர். மானாவாரி நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். அந்த நிலத்தைத் தானியத்துக்கு உழாமல் புல்லுக்கென்றே விட்டுவைத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. மழை குறைந்த அவ்விடத்தில் தானியம் தருவதைக் காட்டிலும், அந்தப் புல்லைத் தின்று வளரும் காங்கயம் காளை சந்தையில் மிகுதியாகத் தந்தது. விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தபடியால் புல்லுக்கும் நிலம் கிடைத்தது.

வடக்கே அவ்வாறு விலை கொடுக்க முன்வந்த பெரிய வாடிக்கைக்காரன் ராணுவமே. கிழக்கிந்தியக் கம்பெனி 1809ஆம் ஆண்டில் ஹிஸ்ஸாரில் ஒரு பண்ணையை நிறுவியது. முதலில் ஒட்டகங்கள், பின்னர் பீரங்கி இழுக்கும் எருதுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேற்குப் பஞ்சாபில் ஜீலம் நதிக் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் பெற்ற குடியானவர்கள் பலருக்கு விசித்திரமான ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. நிலம் வேண்டுமானால் குதிரைப் படைக்குக் குட்டி ஈனும் பெட்டைக் குதிரை ஒன்றை வளர்த்தாக வேண்டும். குதிரைக்குத் தீனி வேண்டும். ஆகவே கால்வாய் நீரில் ஒரு பங்கு தீவனப் பயிருக்குப் போயிற்று. 1889ஆம் ஆண்டு அலகாபாத்தில் முதல் ராணுவப் பண்ணை தோன்றியது. பாசறைகளுக்குப் பால் தருவது அதன் பணி. அதன்பின் பாசறை நகரங்கள் பலவற்றின் ஓரத்தில் இத்தகைய பண்ணைகள் எழுந்தன. அவை 132 ஆண்டுகள் நடைபெற்று, 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாத முடிவில் மூடப்பட்டன.

நம் மொழியிலும் இந்தக் காலத்தின் அடையாளம் ஒன்று தங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் லூஸர்ன் எனப்படும் பயிரை நாம் குதிரை மசால் என்று அழைக்கிறோம். இன்று அதைப் பெரும்பாலும் ஆடும் மாடுமே தின்கின்றன. ஆயினும் பெயரில் குதிரையே நிற்கிறது. க்வெட்டாவில் பழ ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி காப்ரியேலும், இதே லூஸர்னையும் ஷாஃப்தல் என்னும் இன்னொரு தழையையும் உலர்த்தி, இறுக்கிப் பொதிகளாகக் கட்டி, ராணுவப் பிராணிகளுக்கு அனுப்பும் முறையை ஆராய்ந்தார்கள். தழையைப் பொதியாகக் கட்டுவதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பொருளாதாரத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பச்சைத் தழையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர். அதை வண்டியிலேற்றி நூறு மைல் கொண்டுபோவதென்றால் பெரும்பாலும் தண்ணீருக்கே சத்தம் கொடுத்தவர்களாவோம். தானியம் நாடு விட்டு நாடு போகும். பசுந்தழை ஊர் எல்லையைத் தாண்டுவதே அரிது.

இந்த உண்மையின் கொடுமையை 1899-1900ஆம் ஆண்டுப் பஞ்சம் காட்டியது. விக்கிரம ஆண்டு 1956இல் வந்தமையால் ராஜஸ்தான் மக்கள் அதைச் 'சப்பனியா' என்று இன்றும் சொல்கிறார்கள். ஐம்பத்தாறு என்பது பொருள். குஜராத், ராஜபுதனம், ஹிஸ்ஸார் ஆகிய பகுதிகளில் மழை பொய்த்தது. அதற்குள் ரயில் பாதைகள் பல போடப்பட்டிருந்தன. பணம் உள்ள இடத்துக்குத் தானியம் ரயிலில் வந்தது. மாட்டுக்கு வேண்டிய புல்லோ எடை குறைவும் பருமன் மிகுதியுமான பண்டம். ஒரு வண்டி நிறைய ஏற்றினாலும் சில மாடுகளின் சில நாள் தீனிக்கே காணும். மாடுகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. நல்ல மாட்டு இனங்களுக்குப் பெயர்போன குஜராத்தில், மறு ஆண்டு மழை வந்தபோது ஏர் பிடிக்க ஆள் இருந்தும் இழுக்க எருது இல்லாத வீடுகள் பல. பஞ்சாப் விவசாயிகளின் கடனைப் பற்றி 1925ஆம் ஆண்டில் நூல் எழுதிய மால்கம் டார்லிங், மாடு சாவதைக் கடனுக்குரிய காரணங்களில் ஒன்றாக எடுத்துக் கூறியிருக்கிறார். கலியாணச் செலவையும் வழக்குச் செலவையும் மட்டுமே பழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது புதிய செய்தி.

இந்தப் பஞ்சம் முடிந்து நாலைந்து ஆண்டுகளில் பர்ஸீம் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் அது பஞ்சத்துக்கு மருந்தாக வரவில்லை. பருத்திக்குத் துணையாக வந்தது. லங்காஷயர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். அதை எகிப்து விளைவித்து வந்தது. எகிப்தைப் போலவே மழையின்றிக் கால்வாய் நீரால் மட்டும் வாழ்வது சிந்து தேசம். அங்கே ஜாம்ராவ் கால்வாய்ப் பகுதியில், மீர்ப்பூர் காஸ் என்னுமிடத்தில், எகிப்தியப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். எகிப்து விவசாயி பருத்திக்கு முன்னர் குளிர்காலத்தில் பர்ஸீம் விதைப்பது வழக்கம். அவரை இனத்தைச் சேர்ந்த அச்செடியின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. தழை மாட்டுக்கு, உரம் பருத்திக்கு. எனவே பருத்தியைக் கொண்டுவந்தவர்கள் 1904 வாக்கில் பர்ஸீமையும் கூடவே கொண்டுவந்தனர். சிந்து தேசத்தில் எகிப்தியப் பருத்தி நிலைக்கவில்லை. எஜமானன் ஊரைவிட்டுப் போனான். கூட வந்த வேலைக்காரன் தங்கிவிட்டான்.

தங்கியதற்குக் காரணம் அதன் கணக்கில் இருக்கிறது. புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ விதைத்தால் 50 அல்லது 60 நாட்களில் முதல் அறுப்பு. பின்னர் 25 அல்லது 30 நாட்களுக்கு ஒருமுறை வெட்டலாம். சித்திரை முடியும்வரை ஐந்து, ஆறு அறுப்புகள். நல்ல பாசனமுள்ள நிலத்தில் ஏக்கருக்கு 30 முதல் 40 டன் பச்சைத் தழை கிடைக்கும். நடுத்தரமாக 35 டன் என்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 195 கிலோ ஆகிறது. பால் கறக்கும் எருமைக்கு நாளைக்கு 35 கிலோ தழை போட்டால், ஓர் ஏக்கர் ஐந்து எருமைகளைக் காப்பாற்றும். பஞ்சாபில் ஏக்கரை எட்டு கனால்களாகப் பிரித்துப் பேசுவார்கள். ஓர் எருமைக்கு ஒன்றரைக் கனால் என்பது இக்கணக்கின் முடிவு. நாலு ஏக்கர் உடையவன்கூட இரண்டு மூன்று கனால்களைக் கிணற்றடியில் பர்ஸீமுக்கு ஒதுக்குவது இதனால்தான்.

ஆரம்பத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. சில வயல்களில் விதை முளைத்தும் பயிர் மஞ்சளித்து நின்றுவிடும். வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் அந்த மண்ணில் இல்லாததே குறை. பழைய பர்ஸீம் வயலிலிருந்து மண்ணை எடுத்து வந்து புது வயலில் தூவுவதே அதற்கு எளிய பரிகாரமாக இருந்தது. அண்டை வீட்டிலிருந்து உறைமோர் வாங்கி வந்து நம் பாலைத் தயிராக்கிக்கொள்வதைப் போன்ற செயல்தான் இது. இன்று அந்த நுண்ணுயிரைப் பொட்டலத்தில் வாங்கி, வெல்லப்பாகில் கரைத்து, விதையோடு பிசைகிறார்கள். காஸ்னி என்னும் களையின் விதையும் உடன் கலந்து வரும். விதையை உப்பு நீரில் இட்டால் காஸ்னி மேலே மிதக்கும், வடித்துவிடலாம். இளந்தழையை மட்டும் மிகுதியாகப் போட்டால் மாட்டுக்கு வயிறு உப்பும். பூஸா கலந்துதான் போட வேண்டும். பழைய தீவனத்தைப் புதிய தீவனம் விரட்டவில்லை. இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்தன.

லின்லித்கோ பிரபு தலைமையில் 1926இல் அமைந்த விவசாய ராயல் கமிஷன், 1928இல் வெளியிட்ட அறிக்கையில் கால்நடைக்கு நிறைய இடம் கொடுத்தது. தீனி குறைந்ததால் மாடு மெலிந்தது. மாடு மெலிந்ததால் வேலைக்கு இன்னும் பல மாடுகள் வேண்டியிருந்தன. மாடுகள் பெருகியதால் தீனி மேலும் குறைந்தது. இந்த நச்சு வட்டத்தைக் கமிஷன் தெளிவாக எடுத்துக் காட்டியது. ஆனால் அறிக்கையைக் கண்டு எந்தக் குடியானவனும் நிலத்தைத் தழைக்கு மாற்றிவிடவில்லை. மாற்றியது பால் பணம்.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபின் கால்வாய் நிலங்களை விட்டு இலட்சக்கணக்கான குடும்பங்கள் கிழக்கே வந்தன. கால்வாய் விவசாயம் கைவந்தவர்கள் அவர்கள். அவர்களுள் பலர் குடியேறிய நகரங்களோ நாளுக்கு நாள் பெருகிவந்தன. டில்லிப் பால் திட்டம் 1959இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 1946இல், குஜராத்தின் கேடா ஜில்லாவில் பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் பதிவாகியிருந்தது; 1970இல் வெண்மைப் பெருக்குத் திட்டம் அதன் வழியை நாடெங்கும் பரப்ப முற்பட்டது. தானியத்துக்கு ஆண்டில் ஓரிருமுறை பணம் வரும். பாலுக்கோ வாராவாரமோ பத்து நாளைக்கொருமுறையோ கை நிறையாவிட்டாலும் கைக்கு வரும். அந்தச் சில்லறைப் பணமே குஜராத்தில் லூஸர்னுக்கும் பஞ்சாபில் பர்ஸீமுக்கும் நிலத்தைப் பெற்றுத்தந்தது. 1962இல் ஜான்ஸியில் புல், தீவன ஆராய்ச்சிக்கென்று மத்திய நிலையம் ஒன்றும் ஏற்பட்டது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே, 1953இல், கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டி உண்டாக்கிய புல்லை நாம் பெருமையோடு குறிப்பிடலாம். அதன் வழிவந்த புல்வகைகளைக் கரணை நட்டு வளர்க்கும் தொழுவங்கள் இன்று பல மாநிலங்களில் உள்ளன.

எனினும் தானியத்தின் பக்கம் தராசு வேறொரு வகையில் சாய்ந்தது. 1965இல் விவசாய விலைக் கமிஷனும் இந்திய உணவுக் கழகமும் தோன்றின. அடுத்த ஆண்டு மெக்ஸிகோ நாட்டிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை கப்பலில் வந்தது. கோதுமைக்கு இப்போது உறுதியான விலையும் உறுதியான வாங்குநரும் உண்டு. 2025-26ஆம் பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால் விளைந்தால் 48,500 ரூபாய் என்று விதைக்கும் அன்றே விவசாயி கணக்கிடலாம். பர்ஸீமுக்கு அப்படி அறிவிக்கப்பட்ட விலை இல்லை. கோதுமைக்கு நாலைந்து பாய்ச்சல் போதும்; பர்ஸீமுக்கோ பத்துக்கு மேல் வேண்டும். ஆகவே வீட்டு மாட்டுக்கு வேண்டிய கனாலுக்கு மேல் ஒரு கனால்கூட அவன் ஒதுக்குவதில்லை. இதில் அவன் அறியாமை ஒன்றுமில்லை என்றே நாம் கருதுகிறோம்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், பயிரிடும் நிலத்தில் தீவனப் பயிரின் பங்கு பல பத்தாண்டுகளாக நூற்றுக்கு 4 என்ற அளவிலேயே நிற்கிறது. 1950-51இல் நாட்டின் பால் உற்பத்தி 1 கோடியே 70 இலட்சம் டன். 2023-24இல் 23 கோடியே 93 இலட்சம் டன். பால் பதினான்கு மடங்கு ஆயிற்று. தழைக்குரிய பங்கு அசையவில்லை. கறவையினம் மாறியதும், புண்ணாக்கும் தவிடும் கலந்த தீவனம் பெருகியதும் ஓரளவு காரணம். மற்றபடி இன்றும் இந்திய மாட்டின் வயிற்றை நிரப்புவது தானியப் பயிரின் தாள்தான்.

அந்தத் தாளுக்கும் புதிய சோதனை வந்திருக்கிறது. குட்டைக் கோதுமையில் தானியத்துக்குத் தக்க விகிதத்தில் தாள் குறைவு. ஆயினும் அறுவடை இயந்திரம் போன பிறகு இன்னொரு இயந்திரத்தை ஓட்டிக் கோதுமைத் தாளைப் பூஸாவாக்கிச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு நல்ல விலை இருக்கிறது. நெல் தாளின் கதை வேறு. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் ஐப்பசி, கார்த்திகையில் அதை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தப் புகை டில்லியில் நம் குழந்தைகளின் மூச்சை வந்து அடைகிறது. வைக்கோலைக் கொளுத்துவதா என்று நம்மவர் மனம் பதறும். மாட்டுக்கு வைக்கோல் இல்லையென்றால் தாலுகா விட்டுத் தாலுகா வண்டி கட்டிப்போய் வாங்கிவந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அல்லவா நாம்?

ஆனால் அவர்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். நெல் தாளில் மணற்சத்து மிகுதி. கோதுமைப் பூஸா தாராளமாக உள்ள ஊரில், மாட்டுக்கு அதைவிடத் தாழ்ந்த தீவனத்தைப் போட யார் விரும்புவார்? நமக்குக் கோதுமைப் பூஸா இல்லை. ஆகவே வைக்கோல் செல்வமாயிற்று. கையால் அறுத்த பாஸ்மதி நெல்லின் தாளை அங்கேயும் மாட்டுக்குப் போடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு மேல், நிலத்தடி நீரைக் காக்க 2009இல் இயற்றிய சட்டங்களால் நடவு ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. நெல்லை அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரங்களே இடைவெளி. இயந்திரம் சிதறிவிட்டுப்போன தாளைக் கூலி கொடுத்து அள்ளுவதற்கு, வாங்குபவர் யாரும் அருகில் இல்லை. ராஜஸ்தானில் மாட்டுக்குத் தீனி இல்லாத அதே ஆண்டிலும் பஞ்சாபில் தாள் எரியும். 1899இல் புல் பயணம் போகாததற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான்: பருமன் மிகுதி, விலை குறைவு, வண்டிச் சத்தம் அதிகம்.

மீண்டும் பர்ஸீம் வயலுக்கே வருவோம். அதன் செலவுக் கணக்கை எழுதுபவர் விதை, உழவு, நீர், உரம் என்று வரிசையாக எழுதுவர். நாள்தோறும் விடியலில் அரிவாளோடு போய், பனி நனைந்த தழையை அறுத்து, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்துவந்து, தீவனம் வெட்டும் இயந்திரத்தில் நறுக்கி, பூஸாவோடு கலக்கும் பெண்ணின் உழைப்பு பல வீடுகளில் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. ஆறு மாதம், ஒரு நாள்கூட விடாமல் செய்யும் வேலை அது. அதற்குக் கூலி கட்டினால் பர்ஸீம் வீட்டுக்குக் கட்டுபடியாகும் பயிராக நிற்குமா என்பது சந்தேகமே. எருமை விற்ற வீடுகளைப் பார்த்தால், அங்கே மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், மருமகள் உத்தியோகம் பார்க்கிறாள் என்பதே பலமுறை காரணமாக இருக்கிறது.

விதையின் நிலையும் சொல்லத்தக்கது. பர்ஸீமில் விதை வேண்டுமானால் பங்குனியோடு அறுப்பை நிறுத்திப் பூக்க விட வேண்டும். தேனீ வர வேண்டும். வைகாசி வெயில் கடுமையாகுமுன் மணி முற்ற வேண்டும். வேறு பசுந்தழை கிடைக்காத சித்திரை மாதத்திலோ எருமை தொழுவத்தில் நின்று கத்துகிறது. பாலுக்குப் பணம் வரும் வேளையில் விதைக்கென்று இரண்டு அறுப்புகளை விட்டுக்கொடுக்கச் சிலரே துணிகிறார்கள். ஆகவே வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், ஜான்ஸியிலும் லூதியானாவிலும் நம் நாட்டுக்கென்றே தனி ரகங்கள் தேர்ந்தெடுத்த பிறகும், பர்ஸீம் விதையில் ஒரு பங்கு இன்னமும் எகிப்திலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது.